கணிதத்துக்கு ஆளில்லாத பாடசாலை

எந்தப் பாடசாலை நல்லது, எது கூடாது என்று சொல்ல கொழும்பு வெள்ளவத்தையில் ஆட்களுக்குக் குறைவில்லை. காலி வீதியில் மரக்கறி வாங்கப் போனாலும் சொல்வார்கள், கலியாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தாலும் சொல்வார்கள். என் பேத்திக்கு ஆறாம் வகுப்பு தேடிய வருடம், இப்படிச் சொன்ன பதினேழு பேரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் அந்தப் பாடசாலைக்குள் போயிருக்கிறீர்களா? மூன்று பேர் போயிருந்தார்கள். அதில் ஒருவர் போனது வாக்குப் போட.

பேத்தி என் மகளின் ஒரே பிள்ளை. மருமகனுக்குக் கட்டாரில் வேலை. மகள் ஒரு வங்கியில் இருக்கிறாள். நாங்கள் மூவரும் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். பிள்ளை படித்த சிறிய பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் எங்கே என்பதைப் புலமைப்பரிசில் பரீட்சைதான் தீர்மானிக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். பெரிய பாடசாலைகளுக்கான வெட்டுப்புள்ளிக்கு அவளுக்கு நாலு புள்ளி குறைந்துவிட்டது. நாலு புள்ளி என்றால் இரண்டு கேள்வி. அந்த இரண்டு கேள்விக்காக ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்து, இழவு வீட்டில் இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கதைத்துவிட்டுப் போனார்கள். பத்து வயதுப் பிள்ளை அறைக்குள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நான் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்களை அங்கேயே விசாரித்து அங்கேயே திருப்பி அனுப்பினேன்.

என் அக்காவை மட்டும் அப்படித் திருப்ப முடியாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூப்பு. அவருக்கு நான் இன்றைக்கும் தம்பிதான். அவர் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, நான் கதைச்சிட்டன். பெரிய ஸ்கூல்ல ஒரு இடம் இருக்கு. அத்தானிட்டப் படிச்ச பெடியன் ஒருத்தன் அங்க அபிவிருத்திச் சங்கத்தில இருக்கிறான். பிள்ளைக்கு எண்டு வைச்சிருக்கச் சொல்லியிருக்கிறன்."

"பாத்துட்டுச் சொல்லுறன் அக்கா."

"என்னத்தைப் பாக்கிறாய்? ஊருக்கே தெரிஞ்ச ஸ்கூல். உங்கட வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில இருக்கே, அதுக்கு மட்டும் விட்டிடாதை. அங்க ஆர் படிக்கினம் எண்டு தெரியுமே?"

"பிள்ளையள் படிக்கினம்."

"பகிடி விடாதை. துறைமுகத்தில மூட்டை தூக்கிற ஆக்களின்ர பிள்ளையள். பேலியகொடையில மீன் விக்கிற ஆக்களின்ர பிள்ளையள். அதோட பெடியங்களும் ஒண்டாப் படிக்கிறாங்கள்."

அக்கா என்னைக் கோபப்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையாகவே பயந்துதான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. பார்க்காமல் ஒரு பொருளுக்குத் தரம் எழுதுவதை என்னால் பொறுக்க முடியாது. பார்த்து எண்ணி எழுதுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. தெமட்டகொடையில் புகையிரதப் பகுதியின் களஞ்சியங்களில் பொருள் சரிபார்க்கும் உத்தியோகத்தராக ஓய்வு பெறும்வரை இருந்தேன். புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லும் பொருள் இறாக்கைத் தட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. அந்த வேலைக்கு எனக்கென்று மூன்று விதிகள் இருந்தன. சொல்லிவிட்டுப் போகக்கூடாது. எண்ணி முடிக்கும்வரை தேநீர் குடிக்கக்கூடாது; குடித்தால் எண்ணிக்கை கூடும். வாசலில் அடுக்கியிருப்பதை விட்டுவிட்டுப் பின்மூலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்கா சொன்ன பெரிய பாடசாலைக்கு முதலில் போனேன். அது எது, எந்தப் பகுதியில் என்று எழுதமாட்டேன். அதன் வாசல் மதிலில் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் போட்ட பெரிய பதாகை தொங்கியது. முப்பத்தொரு முகங்கள். இரண்டாம் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று நின்று யோசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. எங்கள் தெருமுனையில் இருக்கும் ரியூஷன் நிலையத்தின் சுவரில் அதே பிள்ளை, அதே படம். அந்தக் கிழமை முழுக்கத் தேடினேன். வெள்ளவத்தையில் ஒரு ரியூஷன் சுவரில் இருந்தாள், பம்பலப்பிட்டியில் இன்னொன்றில் இருந்தாள். ஒரே பிள்ளை நாலு இடத்தில். ஒரே இயந்திரம் நாலு களஞ்சியப் புத்தகங்களில் பதிவாகியிருந்தால் நாங்கள் அதை நாலு என்று எழுதுவதில்லை. அது உண்மையில் எங்கே இருக்கிறது என்று கேட்போம். அந்தப் பிள்ளைக்கு யார் படிப்பித்தது? ஒருவேளை அவளே படித்திருப்பாள். அவளுக்கு மட்டும் யாரும் பதாகை கட்டவில்லை.

உள்ளே மரியாதையாக வரவேற்றார்கள். தேநீர் வந்தது, சீனி வியாதி என்று மறுத்தேன். வெற்றிக் கேடயங்களைக் காட்டினார்கள். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிய புத்தகங்களைக் காட்டினார்கள். மலசலகூடம் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆசிரியர்களுடையதற்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறாம் வகுப்பைப் பார்க்கக் கேட்டேன். பாடம் நடக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்றார்கள். ஏதாவது குறை இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்டேன்.

"எங்களிட்டக் குறையே இல்லை சேர்" என்றார் என்னைச் சுற்றிக் காட்டியவர். "எல்லாம் ஃபுல்."

திரும்பி வரும்போது ஒரு வகுப்பில் ஆசிரியர் இல்லை. ஆனால் பிள்ளைகள் சத்தமில்லாமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்ல ஒழுக்கம் என்று நினைத்து யன்னலால் எட்டிப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் ஒரு ரியூஷன் மாஸ்டரின் பெயரும் படமும் அச்சடித்த பயிற்சித் தாள். பாடசாலை நேரத்தில், பாடசாலைக் கதிரையில் இருந்து, பின்னேர ரியூஷனுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

மற்றக் கிழமை ஒழுங்கைப் பாடசாலைக்குப் போனேன். வாசலில் பதாகை ஒன்றும் இல்லை. காவலாளி சிங்களவர்.

"கொஹெத மஹத்தயா?" எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

பாடசாலையைப் பார்க்க வந்தேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இங்கே ஆட்கள் ஏசத்தான் வருவார்கள், பார்க்க யாரும் வந்ததில்லை என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார்.

பாடசாலை அதிபர் ஐம்பது வயதளவான பெண்மணி. அலுவலகத்தில் இல்லை. எட்டாம் வகுப்பில் வெண்பலகைக்கு முன்னால் மார்க்கர் பேனையோடு நின்றார். என்னைக் கண்டதும் வெளியே வந்தார்.

"ஆரின்ர அப்பா நீங்கள்?"

"இப்ப ஆரின்ரயும் இல்லை. வாற வருசம் பேத்தியை விடலாமா எண்டு பாக்க வந்தனான்."

"அப்ப பாருங்கோ. முதலே சொல்லிப்போடுறன், கணிதத்துக்கு ஆளில்லை. இருந்தவ மாற்றலாகிப் போயிட்டா. பெரிய வகுப்புகளுக்கு நான்தான் எடுக்கிறன். ஆறுக்கும் ஏழுக்கும் ஒருதரும் இல்லை, விளையாட்டு சேர் போய்க் காவலுக்கு இருப்பார். விஞ்ஞான அறையில தண்ணி வாறேல்லை. மற்றதை நீங்களே சுத்திப் பாருங்கோ, எனக்கு இந்தப் பாடம் முடிய இன்னும் நேரமிருக்கு."

சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார். நான் தனியே விறாந்தையில் நின்றேன்.

என் உத்தியோகத்தில் இரண்டு விதமான களஞ்சியப் பொறுப்பாளர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவர், எல்லாம் சரி, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்பார். மற்றவர் நான் உள்ளே கால் வைத்ததுமே, பித்தளை வால்வு பன்னிரண்டு குறையுது, எங்கே போனதென்று தெரியாது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்வார். பெரிய களவுகள் எல்லாவற்றையும் நான் முதலாவது ஆளிடம்தான் பிடித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் நான் இரண்டு தரம் எண்ணுவேன்.

அதற்காக இந்த அம்மாவை அப்படியே நம்பிவிடவும் இல்லை. பின்மூலையிலிருந்து தொடங்கினேன். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பெண் என்னை விநோதமாகப் பார்த்தாலும் காட்டினார். ஆறு கதவு, ஐந்துக்குக் கொளுக்கி இருந்தது. ஆறாவதைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், கயிறு புதிது. ஒன்பது பைப்பில் ஏழில் தண்ணீர் வந்தது. நூலகம் திறந்திருந்தது. புத்தகங்களின் மூலைகள் மடிந்து, அட்டைகள் கிழிந்து, ஒட்டுப் போட்டுக் கிடந்தன. புத்தகத்துக்குச் சேதம் என்று எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் பாவனை என்று எழுதுவேன். ஒரு பிள்ளையிடம் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். விஞ்ஞானக் கொப்பியில் சிவப்புப் பேனை கடைசிப் பக்கம்வரை வந்திருந்தது. சும்மா சரி போட்டுத் தள்ளாமல், 'இலையை ஏன் பச்சையாக வரையவில்லை?' என்று கேட்டும் எழுதியிருந்தார் ஆசிரியர். வரலாற்றுக் கொப்பியை மாதக் கணக்கில் யாரும் திறந்து பார்க்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பில் தமிழ்ப் பாடம் நடந்தது. ஆசிரியர் என்னைப் பின்வாங்கில் இருக்க விட்டார். ஒரு பையன் கையை உயர்த்திப் பிழையான விடை சொன்னான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். ஆசிரியர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அதே பையன் திரும்பவும் கையை உயர்த்தினான்.

வெட்டுப்புள்ளி வந்த நாளிலிருந்து என் பேத்தி ஒரு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. நாலும் மூன்றும் எத்தனை என்று கேட்டாலும் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் விசாரணை. மகளும் பேத்தியும் நானும் போனோம். நான் கண்டதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கக்கூஸ் கதவை எண்ணினியோ?" என்றார் அக்கா. "உனக்கு மூளை பிசகிப் போச்சு. படிப்பைப் பாக்கச் சொன்னா கொளுக்கியைப் பாத்திருக்கிறாய்."

"கொளுக்கி இல்லாத இடத்தில பொம்பிளைப் பிள்ளையள் காலமை தொடக்கம் தண்ணி குடிக்காம இருக்குங்கள் அக்கா. தலையிடியோட இருக்கிற பிள்ளைக்கு என்ன படிப்பு ஏறும்?"

"ஒன்பது ஏ எத்தினை? அதைச் சொல்லு."

"ரெண்டு."

"பார்! ரெண்டு!"

"அந்த ரெண்டும் வேற சுவரில இல்லை. நான் தேடிப் பாத்திட்டன்."

அக்கா மகளிடம் திரும்பினார். "பிள்ளை, உன்ர கொப்பருக்கு ஆரும் ஒண்டைச் சரியெண்டு சொன்னா அதைப் பிழையெண்டு காட்டவேணும். சின்னனிலயே அப்பிடித்தான். நீ யோசி."

திரும்பி வரும் பஸ்ஸில், பேத்தி யன்னலோரம் தூங்கிய பிறகு மகள் சொன்னாள்.

"நீங்கள் எண்ணினது எல்லாம் சரி அப்பா. ஆனா கணிதத்துக்கு ஆளில்லையே. கணிதமில்லாம என்ன பள்ளிக்கூடம்?"

அது உண்மையான குறைதான்.

"ஒரு தவணை விட்டுப் பாப்பம்" என்றாள். "முதலாம் தவணை முடியிறதுக்குள்ள கணிதத்துக்கு ஆள் வரவேணும். வராட்டி மாமி சொன்ன இடம். அதுவரைக்கும் இடத்தை வைச்சிருக்கலாமாம், கேட்டனான்."

அடுத்த வருடம் பேத்தி ஒழுங்கைப் பாடசாலைக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் காலை சப்பாத்தைக் கட்டியபடி கேட்டாள்.

"பெடியங்கள் கரைச்சல் தருவாங்களா அம்மப்பா?"

"தருவாங்கள். நீயும் குடு."

இரண்டாம் கிழமையே ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் பெற்றோருக்குப் பேலியகொடைச் சந்தையில் மீன் கடை. என் பேத்தி வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பாரை மீனுக்கும் தோரா மீனுக்கும் வித்தியாசம் சொன்னாள். பிழையாகத்தான் சொன்னாள், ஆனால் சத்தமாகச் சொன்னாள். கணிதக் கொப்பியில் மட்டும் திகதிகளும் வெறும் கோடுகளும் இருந்தன. அக்கா ஞாயிறுதோறும் தொலைபேசியில் வந்தார். "என்ன தம்பி, கணக்கு ரீச்சர் ரெயில்ல வாறாவோ? உன்ர ரெயில் எண்டா பிந்தித்தானே வரும்."

கணிதத்துக்கு ஆசிரியர் கேட்டு வலயக் கல்விக் கந்தோருக்கு இரண்டு தரம் தனியே போனேன். முதல் தரம், பாடசாலையின் பெயர் மேலே போயிருக்கிறது என்றார்கள். இரண்டாம் தரம், நீங்கள் யார் என்று கேட்டார்கள். பிள்ளையின் அம்மப்பா என்றேன். பெற்றோர் வந்தால்தான் கதைக்கலாம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ களஞ்சியங்களின் பூட்டைத் திறப்பித்த எனக்கு ஒரு கந்தோர்க் கதவு திறக்கவில்லை.

அன்று பாடசாலை விடும் நேரம் ஒழுங்கையில் நின்ற தாய்மாரிடம் நடந்ததைச் சொன்னேன். பேத்தியின் சிநேகிதியுடைய தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பெத்தவங்கதான் வரணுமாமா? அவ்வளவுதானேய்யா? எத்தன பேரு வேணும் அவருக்கு?"

"எத்தினை பேர் வந்தாலும் நல்லது."

"அப்ப நாளைக்கே போவோம். எங்க லொறி சந்தையிலருந்து வந்து சும்மாதான் நிக்கும். கழுவி வெக்கச் சொல்றேன்."

லொறியைக் கழுவியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஐஸும் மீனும் வருடக் கணக்கில் ஊறிய லொறி அது. அயன் பண்ணிய சேர்ட்டோடு முன் இருக்கையில் என்னை ஏற்றினார்கள். பின்னால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு மற்றவர்கள் இருந்தார்கள். மூட்டை தூக்குபவர் ஒருவர் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். தையல் வேலை செய்யும் இரண்டு சகோதரிகள் வந்தார்கள். கந்தோர் வாசலில் இறங்கியபோது காவலுக்கு நின்றவர் இரண்டடி பின்வாங்கினார்.

வலயக் கல்விப் பணிப்பாளரின் அறை சின்னது. நாங்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டோம். அவர் கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார்.

"என்ன இது, ஒரு முன்னறிவித்தலும் இல்லாம?"

"சொல்லிட்டு வந்தா நீங்க இருக்க மாட்டீங்களே சேர்" என்றார் மீன் கடை அம்மா.

"இது என்ன மணம்?"

"நாங்கதான் சேர். எங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு டீச்சர் ஒண்ணு குடுங்க, மணம் இப்பவே போயிரும். குடுக்கலேன்னா நாளைக்கும் இதே லொறிதான். நாளைக்குக் கணவா மீன் ஏத்துற நாள், அது இன்னும் மோசம்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். பணிப்பாளரும் சிரிப்பை அடக்கக் கைலேஞ்சியை இன்னும் அழுத்தினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"நீங்கள் எல்லாரும் பெற்றோரா?"

ஓம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் பேனையால் தலைகளை எண்ணி, பதினொரு பெற்றோர் என்று எழுதுநரிடம் சொன்னார். பத்துப் பேர்தான் பெற்றோர். ஒரு ஆணிப் பெட்டி கூடினாலும் முழுக் களஞ்சியத்தையும் திரும்ப எண்ண வைத்தவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது இன்னொரு பாடசாலையிலிருந்து ஒரு ஆசிரியை கிழமைக்கு மூன்று நாள் வரத் தொடங்கினார். ஐந்து நாளுக்கு மூன்று நாள். போதாது. அதை அதிபரிடமும் சொன்னேன். "எனக்கும் எண்ணத் தெரியும் ஐயா" என்றார் அவர்.

அந்த ஞாயிறு மகள் தானே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமி, அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுங்கோ. இவள் இங்கயே படிக்கட்டும்."

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. மகள் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் மாமி... ஓம், மீன்காரரின்ர பிள்ளையோடதான்... இல்லை மாமி, அப்பா சொல்லி இல்லை. நான்தான் சொல்லுறன்... பிழைச்சா நான்தான் பொறுப்பு."

வைத்துவிட்டுப் பேத்தியின் கணிதக் கொப்பியை வாங்கி மேசையில் விரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன். அவள் கொப்பியை மூடினாள்.

"நான் பாத்திட்டன் அப்பா. நீங்கள் திரும்ப ஒருக்கா எண்ணத் தேவையில்லை."

அவள் சமையலறைக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பக்கம் பின்னக் கணக்கு. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பேனையால் திருத்தம் இருந்தது. ஆறாம் பக்கத்தில் ஒரு கணக்கைப் பேத்தி பிழையாகச் செய்திருந்தாள், ஆசிரியை அதற்குச் சரி போட்டிருந்தார். திங்கட்கிழமை போய்ச் சொல்ல வேண்டும் என்று சேர்ட்டை எடுத்து அயன் பண்ணி வைத்தேன்.